சக்குலென்ட் (சதைப்பற்றான இலையில் நீர் சேர்த்துவைக்கும் வகை) செடியின் அடி இலைகள் குழைந்து உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா?

போதாமல் இல்லை, அதிகமாகிவிட்டது. தயவுசெய்து இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருப்பீர்கள், இலை வாடியதும் இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் செய்தேன். அக்கா வீடு மாறும்போது எச்சிவேரியா என்ற ஒரு சக்குலென்ட் செடியை என்னிடம் விட்டுப் போனாள். உள்ளங்கை அகலம், ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலைகள், மேலே சாம்பல் தடவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு. தினமும் சாயங்காலம் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். மூன்றாவது வாரம் அடி இலை ஒன்று மஞ்சளாகி, எண்ணெய் பட்ட காகிதம் போல உள்ளே தெரிய ஆரம்பித்தது. தாகம் என்று நினைத்து மூன்று ஸ்பூன் ஆக்கினேன். நான்கே நாளில் கீழ் வரிசை முழுவதும் விரல் பட்டவுடன் கழன்று விழுந்தது.

இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும். தாகத்தில் இருக்கும் இலை சுருங்கும், தொளதொளவென்று வளையும், ஆனால் பெரும்பாலும் தண்டை விடாது. அழுகும் இலை நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகும், தொட்டால் வந்துவிடும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. அடியில் ஒன்றிரண்டு இலை காய்ந்து சருகாக உதிர்ந்தால் அது வெறும் வயதுதான்.

அன்றைக்குத் தொட்டியை ஆராய்ந்தேன். மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கற்கள் அசையவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்! ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தால் கீழே வெறும் தேங்காய் நார்த்தூள், பிழிந்தால் சொட்டும் ஈரம். தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. அழகுக்காக உயிருள்ள செடியை இப்படி மூடி விற்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வாங்குகிறவர் மண்ணைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

அதைவிட வலித்தது வேறு. செடி போகிறது என்று சொன்னதும் வீட்டில் ஒரு பெரியவர், "உன் கை ராசி அப்படி" என்றார். சமையல் சரியாக வராவிட்டாலும் அதே வார்த்தை, பூ பூக்காவிட்டாலும் அதே வார்த்தை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை. ஈரத்திலேயே ஊறிக் கிடந்த வேருக்குக் காற்று இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் செடிகள் பெரும்பாலும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். இரவில் இழுத்த கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்தும். வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடு. மிச்சம் பிடித்து வாழும் செடிக்குத் தினமும் ஊற்றினால் அது எங்கே கொண்டுபோய் வைக்கும்?

"நான் தினமும் ஊற்றுகிறேன், ஜோராக இருக்கிறது" என்று யாராவது எழுதுவார்கள். இருக்கலாம். நல்ல வெயில், காற்று, ஓட்டையுள்ள சுட்ட மண் தொட்டி, மணல் கலந்த மண் எல்லாம் இருந்தால் செடி தாங்கும். வீட்டுக்குள் மேசைமேல் இருப்பது தாங்காது. அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஓட்டை இல்லாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை, கல்லுக்கு மேலே உள்ள மண்ணும் ஈரமாகவே நிற்கும்.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் காப்பாற்ற வேண்டியது தலையை, அதாவது மேலே உள்ள இலைக்கொத்தைத்தான். துடைத்த பிளேடால் தண்டை வெட்டுங்கள். எனக்கு முதல் வெட்டில் நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தது. இன்னும் மேலே, இன்னும் மேலே என்று வெட்டிக்கொண்டே போனேன். நான்காவது வெட்டில்தான் சுத்தமான வெளிர்பச்சை வந்தது. வளையம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அழுகல் ஏறும், மனசு கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

வெட்டிய தலையை நிழலில் காகிதத்தின்மேல் நான்கைந்து நாள் சும்மா வையுங்கள். வெட்டு வாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். பிறகு பாதி மண், பாதி பருமணலோ பெர்லைட்டோ (பொரித்த எரிமலைக் கல், வெள்ளையாக லேசாக இருக்கும்) கலந்து, உலர்ந்த கலவைமேல் உட்கார வையுங்கள். தண்ணீர் வேண்டாம். எனக்கு மூன்றாவது வாரம் இளஞ்சிவப்பாக நூல் போல வேர் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் முதல் தண்ணீர், அதுவும் ஓட்டை வழியாக வடியும்வரை முழுதாக. அடுத்தது மண் அடிவரை காய்ந்த பிறகு. குச்சியைச் செருகி எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது.

உதிர்ந்ததில் குழையாத இலை ஏதாவது இருந்தால் எறியாதீர்கள், மண்மேல் படுக்க வையுங்கள். நான் ஏழு வைத்தேன், மூன்றில் வேர் வந்தது, ஒன்றில் மிளகு அளவுக்குக் குட்டிச் செடி. தாய் இலை சுருங்கிச் சுருங்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தது. தானாகக் காயும்வரை அதைப் பிய்க்காதீர்கள்.

வெட்டிப் பார்த்ததும் தண்டு உள்ளே என்ன நிறம் என்று எழுதுங்கள், மேலே எவ்வளவு வெட்டலாம் என்று சொல்கிறேன்.