டயட் சாப்பாட்டுப் பெட்டி வாங்கினால் எடை குறையுமா?

கலோரி கணக்கிட்டு, அளவாகச் சமைத்து, பெட்டியில் அடைத்து, வாரத்துக்கோ மாதத்துக்கோ பணம் வாங்கிக்கொண்டு தருவதுதான் டயட் சாப்பாட்டுத் திட்டம். எடை குறையும், ஆனால் உணவில் தனி மருந்து எதுவும் இல்லை. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாக உள்ளே போகிறது, அவ்வளவுதான். சம்பளத்தை மொத்தமாகத் தராமல் அன்றன்றைக்கு உறையில் போட்டுத் தருவது போல, கை மீறிப் போகாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் சிக்கல் பெட்டிக்கு வெளியேதான். காலையில் பசியாற எண்ணெய் விட்டுச் சுட்ட ரொட்டி சானாய், சாயங்காலம் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் டீ. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரைக்கு 4. மிச்சப்படுத்தியது அதிலேயே போய்விடும். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அலுவலகத்தில் உட்காருபவரின் அளவு போதாது. நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் தயவுசெய்து கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

அப்புறம், முதல் வாரத்தில் வேகமாக இறங்கும் எடையைக் கொழுப்பு என்று நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்.