750 வாட் போதும். ஆனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ரைசன் 7 7700 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டும் போட்டு முதல்முறையாக டெஸ்க்டாப் சேர்க்கப் போகிறீர்கள். சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் விசாரித்த கடையில் 1000 வாட் பவர் சப்ளை (கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இல்லாமல் ஆகாது என்கிறார்கள், நண்பரோ 550 வாட் தாராளம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கணினி இருக்கப்போவது படுக்கையறையில், ஏர்கான் இரவில் மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை. நீங்கள் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் தேர்வில் அதற்கும் பங்கு உண்டு.

என் பதில்: ஏடிஎக்ஸ் 3.1 என்ற விதிமுறை போட்ட, 80 பிளஸ் கோல்டு என்ற மின்சிக்கனத் தரத்தில் உள்ள, சிங்கப்பூரிலேயே வாரண்டி தரும் 750 வாட் பவர் சப்ளை வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ரைசன் 7 7700 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அது 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 250 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 400 வாட்டை ஒட்டி வரும். அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டி மோதி வேலை செய்தால்தான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வது சரி.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை. சராசரி 250 வாட்டாக இருந்தாலும், ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு அது சட்டென்று அதைவிட வெகுவாக எகிறும். பழைய வடிவமைப்பில் வந்த சின்ன சப்ளைகள் இந்த எகிறலை ஏதோ கோளாறு என்று நினைத்து அணைத்துவிடும். விளையாட்டின் நடுவில் திரை கறுத்துக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஆளாளுக்கு விண்டோஸைக் குறை சொல்வார்கள். இதற்காகத்தான் 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை வந்தது. புதிய 16 பின் கிராபிக்ஸ் இணைப்பு உள்ள பெரிய சப்ளைகள், தங்கள் வாட் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிகளுக்குத் தாங்க வேண்டும் என்றது அது. 3.1 அடுத்த ஆண்டே வந்த திருத்தம். ஆர்டிஎக்ஸ் 5070-க்கு என்விடியாவே 650 வாட் சப்ளை கேட்கிறது. நான் 750 என்பது, நாளைக்கு இதைவிடப் பெரிய கார்டு மாற்றினாலும் சப்ளையை மாற்ற வேண்டாம் என்பதற்காக. 400 வாட் சுமை அதில் பாதியை ஒட்டி நிற்கும். பெரும்பாலான சப்ளைகள் மிகச் சிக்கனமாக ஓடுவது அந்த இடத்தில்தான்.

1000 வாட் கெடுதல் இல்லை. பெரிய சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறும் என்று சிலர் பயப்படுவார்கள், அது தேவையில்லாத பயம். கணினி கேட்பதை மட்டும்தான் அது கொடுக்கும். ஆனால் உங்களுக்குப் பயன்படாத 250 வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கலாம்.

சரி, வாட் முடிந்தது. உண்மையான வேலை இனிமேல்தான். 750 என்று பெட்டியில் அச்சடிக்க யாராலும் முடியும். சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட்டைத்தான். ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 750 வாட் சப்ளையில் 62 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், பெருக்கினால் 744. பெட்டியில் 750 என்று போட்டுவிட்டு அந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 540 வாட். மிச்சத்தை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் ஏற்றிக் கணக்குக் காட்டியிருப்பார்கள். இன்றைய கணினிக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. அட்டவணையைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. இணையத்தில் வாங்கினால் அந்தப் படம் இல்லாத பொருளைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் 80 பிளஸ். வெண்கலம், வெள்ளி, தங்கம் (கோல்டு) என்று போகும் இந்த முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதிச் சுமையில், நம்மூர் 230 வோல்ட் அளவுகோலில், வெண்கலத்துக்கு 88 சதவீதம், கோல்டுக்கு 92. இதைக் காசாக மாற்றிப் பார்ப்போம். விளையாடும்போது கணினி 350 வாட் கேட்கிறது, தினமும் 4 மணி நேரம் விளையாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்கலச் சப்ளை சுவரிலிருந்து 398 வாட் இழுக்கும், கோல்டு 380 வாட். ஓர் ஆண்டில் வித்தியாசம் 25 யூனிட்டை ஒட்டி வரும். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு ஏழெட்டு சிங்கப்பூர் வெள்ளி. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கவே கோல்டு வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நான் கோல்டு சொல்வதற்குக் காரணம் வேறு. பொதுவாக, கோல்டு வரிசையில் நிறுவனங்கள் நல்ல உட்பாகங்களைப் போட்டு நீண்ட வாரண்டியும் தருகின்றன. பொதுவாகத்தான், எப்போதும் அல்ல. அந்த முத்திரை தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதே இல்லை.

இன்னொன்று, அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். ஏர்கான் போடாத பகல்நேரத்தில் நம் அறை 30, 31 டிகிரி இருக்கும். மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, கேசிங்குக்குள் என்றால் சப்ளை உறிஞ்சும் காற்று இன்னும் சூடு. சப்ளைக்குள் முதலில் தளர்வது, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால்தான் உங்கள் அறையைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்கள் போட்டிருக்கிறதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். 85 டிகிரி வகை நம் ஊருக்கு வேண்டாம். முழு வாட்டையும் எத்தனை டிகிரியில் தரும் என்றும் போட்டிருப்பார்கள். 50 என்றால் சிறப்பு, 40 என்றால் ஏற்கலாம், ஒன்றுமே போடாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். சில சப்ளைகளில் சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவிடும் வசதி உண்டு. பின்பக்கம் அதற்கு ஒரு பொத்தான் இருந்தால் அணைத்துவிட்டு விசிறியை எப்போதும் ஓடவிடுங்கள் என்பது என் கருத்து. மெதுவாக ஓடும் விசிறியின் சத்தத்தை மேலே சுழலும் சீலிங் ஃபேனே அமுக்கிவிடும். கேசிங்கின் அடியில் சப்ளைக்கு ஒரு தூசி வடிகட்டி இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

எந்த பிராண்டு என்று அடுத்துக் கேட்பீர்கள். பிராண்டைக் கேட்காதீர்கள், மாடலைக் கேளுங்கள். கோர்சேர் பெயரில் வரும் சப்ளைகளை வேறு வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுக்கின்றன. சீசோனிக், சூப்பர் ஃபிளவர், எஃப்எஸ்பி போன்றவை சொந்தமாகவே தயாரிப்பவை. ஆனால் எந்த நிறுவனத்திலும் உயர்ந்த வரிசையும் இருக்கும், விலைக்காகச் சுருக்கிய வரிசையும் இருக்கும். கடையில் சொல்லும் முழு மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பவர் சப்ளைகளைச் சோதிக்கும் சைபெனெடிக்ஸ் தளத்தில் அந்த மாடலின் சோதனை அறிக்கை கிடைத்தால் படியுங்கள். சிக்கனத்தோடு சத்தத்தையும் அளந்து தனித்தனியாகத் தரம் கொடுக்கிறார்கள். விலையைப் பொறுத்தவரை, நல்ல 750 வாட் கோல்டு ஏறக்குறைய 120-லிருந்து 170 வெள்ளிக்குள் கிடைக்கும்.

வாரண்டி 7 ஆண்டோ 10 ஆண்டோ இருக்கட்டும். சீசோனிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ், கோர்சேர் ஆர்எம்எக்ஸ் வரிசைகளுக்கு 10 ஆண்டு தருகிறார்கள். அதைவிட முக்கியம், கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது. உள்ளூர் விநியோகஸ்தர் மூலம் வந்த பொருளா, விநியோகஸ்தர் யார் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் 20 வெள்ளி குறைவாக வாங்கிவிட்டு, பிறகு ஒன்றரைக் கிலோ இரும்புப் பெட்டியைக் கப்பல் ஏற்றி அனுப்ப வேண்டுமென்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். ஊருக்குப் போகும்போது சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வரலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் இங்கே ஓடும், ஆனால் வாரண்டி பெரும்பாலும் இந்தியாவோடு நின்றுவிடும். எனக்கு அது உகந்ததாகத் தெரியவில்லை.

பழைய சப்ளை வாங்கலாமா? வேண்டாம். எங்கள் புளோக்கில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர், இணையத்தில் ஒருவரிடம் கேபிள்கள் தனியாகக் கழற்றி மாட்டும் வகை சப்ளை ஒன்றை வாங்கினார். விற்றவர் பையில் போட்டுக் கொடுத்த கேபிள்கள் வேறொரு சப்ளையுடையவை. எல்லாம் அழகாகப் பொருந்தின. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு எஸ்எஸ்டியும், குடும்பப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே நொடியில் போயின. என்னைக் கூப்பிட்டார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் நின்றது. அந்தப் பையன் அம்மாவிடம் படங்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தவித்ததை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

இது யாருக்கும் நடக்கலாம். கேபிளின் மதர்போர்டுப் பக்கத்துக்கும் டிஸ்க் பக்கத்துக்கும் பொது விதி இருக்கிறது. சப்ளையின் பக்கத்துக்கு இல்லை. எந்தத் துளையில் எந்த வோல்டேஜ் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் பழைய வரிசையும் புதிய வரிசையும்கூட மாறலாம். சப்ளையோடு பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் அதில் செருகாதீர்கள். மிஞ்சும் கேபிள்களை ஒரு பையில் போட்டு, மாடல் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். பிறகு சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 16 பின் கேபிளைப் பற்றிப் பயந்திருப்பீர்கள். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முழுதாக உள்ளே போகாத இணைப்புதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பின் வந்த 12வி-2×6 வடிவத்தில், சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் சின்னப் பின்களைக் குட்டையாக்கினார்கள். அரைகுறையாகச் செருகினால் கார்டு மின்சாரம் இழுக்கக் கூடாது என்பதற்காக. உங்கள் கார்டு 250 வாட்தான், 450 வாட் கார்டின் அழுத்தம் இதற்கு இல்லை. இருந்தாலும் இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள், செருகிய இடத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை கேபிளை மடக்காதீர்கள். கார்டோடு வரும் அடாப்டரைவிட சப்ளையிலிருந்தே நேராக வரும் கேபிள் நல்லது. ஏடிஎக்ஸ் 3.1 சப்ளையை நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக பிளக். சப்ளையின் பின்பக்கத் துளை உலகம் முழுக்க ஒன்றுதான். அதனால் வயர் மட்டும் வேறு ஊர் பிளக்கோடு வந்தால், நம் மூன்று செவ்வகப் பின் 13 ஆம்பியர் பிளக் உள்ள வயரைச் சில வெள்ளிக்கு வாங்கி மாற்றுங்கள், சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. பயண அடாப்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு எர்த் இணைப்பு கிடையாது. பேனா மூடியை எர்த் துளையில் குத்தி இரண்டு பின் பிளக்கைச் செருகும் பழக்கம் நம்மிடையே உண்டு, கணினிக்கு அது ஆகவே ஆகாது. சப்ளையின் நுழைவில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய மின்கசிவை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேசிங்கின் உலோகத்தில் தங்கும். வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுருக்கென்று தெரியும். வேறு ஏதாவது கோளாறு சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிச் சுருக்கென்று பட்டால் உடனே அணைத்து, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் பட்டால் கணினியைத் திரும்பப் போடாமல், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.