புதிய ஆசிரியருக்கு இணையவழியில் வழிகாட்ட முடியுமா? எந்தக் கருவி உதவும்?

முடியும். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். எந்தக் கருவி என்பதைவிட, அதற்குள் எதைப் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அந்த ஆசிரியர் அந்தக் கிழமை படிப்பித்த பாடத்தின் ஒரு துண்டு இருக்கவேண்டும்.

நெடுந்தீவில் நியமனம் கிடைத்த ஓர் இளம் ஆசிரியைக்கு இரண்டு தவணை உதவினேன். குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ், அங்கிருந்து தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகு. கிழமைக்கொரு தடவை போய்க் கடைசி வாங்கில் இருந்து பாடம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. முதலில் ஸூமில் கதைத்தோம். இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான், அதில் கொஞ்சம் “ரீச்சர், கேக்குதோ?” என்பதிலேயே போய்விடும். மிச்ச நேரம் முழுக்க நானே கதைத்தேன். வகுப்பில் என்ன நடக்கிறதென்று தெரியாமலே புத்தி சொல்லியிருக்கிறேன். அது பிழை.

பிறகு, அதிபரிடம் அனுமதி எடுத்து, தொலைபேசியை மேசையில் வைத்து ஆறு நிமிடம் குரல் மட்டும் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வீடியோ வேண்டாமென்றேன். டேட்டாச் செலவு ஒரு பக்கம். பிள்ளைகளின் முகம் எங்கள் தொலைபேசிகளில் சுற்றக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்படி வந்த ஒரு பதிவு: தரம் 6, பின்னம். “அரைவாசி பெரிசா, மூன்றிலொன்று பெரிசா?” என்று கேட்கிறா. ஒரு பிள்ளை “மூன்றிலொ...” என்று தொடங்க, அவவே “அரைவாசிதானே!” என்று முடித்துவிட்டா. நான் பிழை சொல்லவில்லை. “கேள்வி கேட்ட பிறகு எத்தினை செக்கன் விட்டனீங்கள் எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ பிள்ளை” என்று மட்டும் அனுப்பினேன். இரவு பதில் வந்தது: “ரீச்சர், ஒரு செக்கன்கூட இல்லை. நான் அந்தப் பிள்ளையை யோசிக்க விடேல்லை.”

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கண்டதும் இதுதான்: ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு செக்கனளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று செக்கனாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, கூடப் பேர் வாய் திறக்கிறார்கள். இதை ஸூமில் நான் விரிவுரையாகச் சொல்லியிருந்தால் அவ குறித்துக்கொண்டு மறந்திருப்பா. தன் குரலைத் தானே கேட்டதால் அடுத்த பதிவிலேயே இடைவெளி இருந்தது. அந்த மௌனத்தைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

பாடக்குறிப்புக்குக் கூகுள் டொக்ஸ் நல்லது. குறிப்பைத் திருத்தி எழுதிவிடாமல், ஓரத்தில் ஒரேயொரு கேள்வி போடுங்கள். தொலைபேசியில் தமிழ் தட்டச்சக் கஷ்டமென்றால் கொப்பியைப் படமெடுத்து அனுப்பட்டும்.

பெரிய வாட்ஸ்அப் குறூப்பை இதற்கு நம்பாதீர்கள். நான் இருந்த ஒன்றில் சுற்றறிக்கைகளும் காலை வணக்கமும்தான் வரும். அங்கே யாரும் “எனக்கு இந்தப் பாடம் சரிவரவில்லை” என்று எழுதமாட்டார்கள். இருவர், கூடினால் நால்வர் போதும். அந்தப் பதிவுகள் மேற்பார்வை அறிக்கைக்குள் ஒருபோதும் போகாதென்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள்.

தவணைக்கு ஒருதரமாவது நேரில் போங்கள். நான் படகேறிப் போனபோதுதான், கடைசி வாங்குப் பிள்ளைகள் மூவருக்கு யன்னல் வெயிலில் கரும்பலகையின் இடது பக்கமே தெரியவில்லை என்று கண்டேன். எத்தனையோ பதிவு கேட்டும் எனக்கு அது பிடிபடவில்லை.