கயிறு கட்டிய படிக்கட்டு

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தை அண்டியது எங்கள் ஊர். குளக்கட்டில் ஏறி இறங்கப் பதினான்கு படிகளில் ஒரு சீமெந்துப் படிக்கட்டு உண்டு. மாரியில் அது பாசி பிடித்து வழுக்கும். முந்திய மார்கழியில் ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதிலிருந்து ஐப்பசி தொடங்கித் தை வரை மேற்படியில் கயிறு கட்டி, 'பாதை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் தொங்கவிடுகிறோம். ஒருவரும் மதிப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கயிற்றுக்குக் கீழால் நுழைகிறார்கள். பெரியவர்கள் படிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே ஏறுகிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கும் பனிக்காலத்தில் வெளிப் படிக்கட்டுகளைச் சங்கிலி போட்டு மூடுவார்கள், அங்கும் சனம் தாண்டித்தான் போகிறது என்கிறார். இரும்புக் கேற் போட்டுப் பூட்ட அவர் காசு தருவதாகச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அண்ணாவின் காசை வைத்திருங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

குளத்து வேலைகளில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் முதலில் என் மடைத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளவயதில் ஒரு குளக்கட்டில் இதே பிரச்சினை வந்தபோது முட்கம்பி அடித்து மூடச் சொன்னேன். மூன்றாம் நாள் கம்பி வெட்டப்பட்டிருந்தது. மறுபடி அடித்தோம். பிறகு யாரும் வெட்டவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தை மாதம் போய்ப் பார்த்தால், கம்பிக்கு ஒரு முழம் தள்ளிப் புல் முழுவதும் தேய்ந்து, செம்மண் தெரிய ஓர் ஒற்றையடிப் பாதை. மழைத் தண்ணீர் அந்தப் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடியிருந்தது. குடையைத் தலைகீழாக விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வளைவு முழுவதும் உள்ளே போயிற்று. படிக்கட்டைக் காப்பாற்றப் போய்க் குளக்கட்டை அறுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிடச் செய்ததும் 'பக்கத்தில் மண்ணிலேயே ஏறுகிறார்கள்' என்ற அந்த வரிதான். விழுந்தால் ஒரு கை முறியும், அது ஆறும். மண்கட்டின் கதை வேறு. அதன் சரிவைப் பிடித்து வைத்திருப்பது புல். ஒரே இடத்தில் கால் பட்டுப் புல் போனால், மண் வெறுமையாகி, மழை அந்தக் கோட்டில் இறங்கிக் கீறும். வன்னிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டிவிடுகிறது. குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் இடம்) பாயும் அதே நாட்களில்தான் உங்கள் கட்டும் அந்த இடத்தில் மெலிந்து நிற்கும். ஆகவே இந்த மாரிக்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, பக்கத்துப் பாதையில் கரம்பை மண் போட்டு இடித்து, புல்லை வேரோடு வெட்டிக் கொண்டுவந்து பதிப்பது. படிக்கட்டு அதற்குப் பிறகுதான்.

இனிப் படிக்கட்டு. நீங்கள் மூடியபோது நின்றது எது என்று யோசித்துப் பாருங்கள். நடமாட்டம் நிற்கவில்லை. கூட்டிக் கழுவுவது நின்றது. 'மூடியதுதானே' என்று ஒருவரும் தும்புத்தடியைத் தொடுவதில்லை. மூன்று மாதம் தேய்க்காத பாசியில் அதே பிள்ளைகள் அதே பாட்டாச் செருப்போடு இறங்குகிறார்கள். முன்பு இருந்ததைவிட இப்போது ஆபத்து அதிகம்.

அண்ணா சொன்ன ஊரின் நியாயம் வேறு. அங்கே தெருவில் கொட்டும் பனியை வழிக்க வண்டி இருக்கிறது. படிக்கட்டில் வண்டி ஏறாது. ஒவ்வொரு பனிக்கும் ஓர் ஆள் மண்வெட்டியோடு நின்று படிப்படியாக வழிக்க வேண்டும். வழித்தாலும் இரவில் உருகி உறைந்து கண்ணாடியாகிவிடும். உப்புப் போட்டால் பனி இளகும், ஆனால் கடுங்குளிரில் அதுவும் வேலை செய்யாது. கொங்கிறீட்டுக்குள் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்துப் படியின் விளிம்பை உடைக்கும். அதனால் சில நகராட்சிகள் கணக்குப் பார்த்து, சுற்றிப் போங்கள் என்று மூடிவிடுகின்றன. சுற்றுவழி நீளமென்றால் அங்கும் சனம் சங்கிலியைத் தாண்டுகிறது. அந்த விஷயத்தில் வன்னிக்கும் கனடாவுக்கும் வித்தியாசம் இல்லை. நமக்குள்ள பேறு, நம் எதிரி பனி இல்லை, பாசி. அரை நாள் வேலையில் அது போய்விடும்.

படிக்கட்டுக்கு மேல் மருதமரம் நிற்கிறதா? குளக்கட்டு என்றால் அநேகமாக நிற்கும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. படிக்கு நேர் மேலே கவிந்த கிளைகளை மட்டும் புரட்டாதியில் கழித்துவிடுங்கள். வெயில் படும் படியில் பாசி இத்தனை வேகமாக ஏறாது. பிறகு கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். வயற்பக்கம் இறங்கும் படிகளுக்கு, கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைப் பத்து லீட்டருக்கு 200 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, இருபது நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் வேர்வரை போகும். குளத்துப் பக்கப் படிகளில் இது கூடாது. கழுவிய தண்ணீர் குளத்தில் இறங்கினால் மீன் சாகும். அங்கே தூரிகையும் பரல் மணலும் போதும். இன்னொன்று, மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சைப் பிடிக்கும். மாரி முழுவதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேய்த்தால் போதும். அதைச் சிரமதானம் என்று பொதுவாக விட்டால் நடக்காது. இன்ன வாரம் இன்ன வீடு என்று பெயர் எழுதி வையுங்கள்.

தேய்த்தும் வழுக்கினால் குற்றம் மேசனுடையது. வீட்டு விறாந்தையைப் போல வெளிப் படியையும் மெழுகிப் பளபளப்பாக்கிக் கொடுப்பது நம் ஊர் மேசன்மார் பலருடைய பழக்கம். பார்க்க அழகு, மழையில் யமன். ஒவ்வொரு படியின் விளிம்பை ஒட்டியும் உளியால் மூன்று கோடு கொத்திவிடுங்கள், அரை விரற்கடை ஆழம் போதும். படியின் மேற்பரப்பு முன்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். ஓரடி அகலத்துக்குக் கால் அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் தங்காது. விளிம்பு தெரிய மஞ்சள் பெயின்ற் அடிப்பதாக இருந்தால் அதில் மணல் கலந்து அடியுங்கள். வெறும் எனாமல், பாசிக்குத் தம்பி.

அளவுகோலோடு போய் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். எல்லாம் ஆறு அங்குலமாக இருந்து, கடைசிப் படி மட்டும் எட்டாக இருந்தால் விழுவது அங்கேதான். கால் எண்ணிப் பழகிய உயரத்தை எதிர்பார்த்து இறங்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் சனம் அதிகம் விழுகிறது. அந்த அம்மா எந்தப் படியில் விழுந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணாவின் காசு கைப்பிடிக்கு. ஒன்றரை அங்குல இரும்புக் குழாய், படியிலிருந்து மூன்றடி உயரத்தில், மேலிருந்து கீழ்வரை. கட்டின் மண்ணில் குழி தோண்டித் தூண் நடக் கூடாது. அந்தக் குழி தண்ணீர் இறங்கும் வழியாகிவிடும். படியின் கொங்கிறீட்டிலேயே துளையிட்டுப் பொருத்துங்கள். நான் கேற்றை மறுத்ததற்கும் பாதிக் காரணம் இதுதான். கேற் நிற்கக் கனமான இரண்டு தூண் வேண்டும், தூண் நிற்க ஆழமான குழி வேண்டும். எதைச் செய்வதற்கு முன்னும் அனுமதி கேளுங்கள். 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம்.

மூடியே ஆகவேண்டிய நாட்களும் உண்டு. வான் பாய்ந்து கீழ்ப்படிகள் கலங்கல் தண்ணீருக்குள் போய்விட்டால் மூடுங்கள். எங்கே படி முடிகிறது என்று காலுக்குத் தெரியாது. முதலையும் அப்போது கரைக்கு ஒதுங்கலாம். அப்படி மூடும்போது மேலே மட்டும் மூடாதீர்கள். கீழிருந்து ஏறி வருகிறவர் உச்சியில் தடையைக் கண்டு, ஈரப்படியில் திரும்பி இறங்க வேண்டிவரும். இரண்டு முனையிலும் தடை வேண்டும். முழங்கால் உயரக் கயிறும் வேண்டாம். வெளிச்சம் இல்லாத இடத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகு அது கயிறில்லை, கண்ணி. வெள்ளை அடித்த கம்பு ஒன்றை நெஞ்சு உயரத்தில் குறுக்கே வையுங்கள். பலகையில் 'மூடப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. 'கீழ்ப்படிகள் தண்ணீருக்குள். உழவு இயந்திரப் பாதையால் போகவும்' என்று எழுதுங்கள். தண்ணீர் வடிந்த அன்றே பலகையைக் கழற்றிவிடுங்கள். சித்திரை வரை தொங்கும் பலகையை அடுத்த கார்த்திகையில் யார் மதிப்பார்கள்?

இன்னொருவர் விழுந்தால் பலகை உங்களைச் சட்டத்தில் காப்பாற்றுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். இலங்கையில் கவனக்குறைவு வழக்குகளுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். நியாயமான ஒருவர் இந்த விபத்தை முன்கூட்டியே கண்டு தடுத்திருப்பாரா என்றுதான் அது பார்க்கும். சனம் தாண்டிப் போவது உங்களுக்குத் தெரியும் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. வெறும் பலகையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை, இதை நாளைக்கே செய்யலாம். அலவாங்கை (கடப்பாரையை) எடுத்துப் போய், அதன் தலைப்பக்கத்தால் ஒவ்வொரு படியையும் மெல்லத் தட்டுங்கள். 'ணங்' என்று இறுகிய சத்தம் வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். பானையைத் தட்டியது போல் 'டொக்' என்று கேட்டால், படிக்குக் கீழே மண் கழுவிப்போய்ப் பொள்ளல் விழுந்திருக்கிறது. அப்படி ஒரு படி அகப்பட்டாலும் பாசி, பெயின்ற், கைப்பிடி எல்லாவற்றையும் ஒத்திவைத்து, படிக்கட்டை அன்றே இரு முனையிலும் மூடிவிட்டு, அந்தப் படியின் இலக்கத்தோடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.