மூணு ஜன்னல் வீட்டுக்கு என்ன ரேட் சொல்றது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வீடு வீடா போய் ஜன்னல் கண்ணாடி துடைச்சுக் குடுக்குற தொழில் ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. 70 வீடு வாடிக்கையா இருக்கு. ஆள் சேரணுமேன்னு ஆரம்பத்துல ஒரு ஜன்னலுக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்லிட்டேன். இப்ப பாதிக்கு மேல சின்ன வீடுங்கதான், நாள் பூரா ஓடுறேன், சாயங்காலம் எண்ணிப் பார்த்தா கையில ஒண்ணும் நிக்கல. மினிமம் ரேட்டுன்னு ஒண்ணு வைன்னு எல்லாரும் சொல்றாங்க, அதை எப்படி கணக்கு போடுறது?

பதில்: தம்பி, நீ எண்ண வேண்டியது ஜன்னலை இல்ல, நிமிஷத்தை. ஒரே ஒரு வாரம் ஒரு நோட்டு வச்சுக்கோ, வண்டியை நிறுத்துற நேரம், கிளம்புற நேரம், கண்ணாடில கை வச்ச நேரம், இந்த மூணையும் வீடு வீடா எழுதிட்டு வா. வண்டியை ஓரங்கட்டணும், பெல் அடிச்சு நாய் இருக்கான்னு கேக்கணும், பக்கெட் ஏணி எல்லாத்தையும் இறக்கணும், முடிச்சதும் திரும்ப ஏத்தணும், காசு வாங்கணும். ஒரு 8 நிமிஷம் இதுலயே போயிரும், அது மூணு ஜன்னல் வீடா இருந்தாலும் சரி முப்பது ஜன்னல் வீடா இருந்தாலும் சரி.

இப்ப பாரு. ஆறு ஜன்னல் வீட்டுல கண்ணாடி வேலை 8 நிமிஷம்னா மொத்தம் 16 நிமிஷம். மூணு ஜன்னல் வீட்டுல கண்ணாடி வேலை 4 நிமிஷம், மொத்தம் 12. ஜன்னல் பாதியா கொறஞ்சுது, ஆனா உன் நேரம் கால்வாசிதான் கொறஞ்சுது. நீ ரேட்டை மட்டும் பாதியா கொறைச்சுட்ட. உன் காசு ஒழுகுற ஓட்டை அதுதான்.

அடுத்து ஒரு நிமிஷத்தோட விலை. உதாரணத்துக்கு உனக்கு மணிக்கு 60 கூலி வேணும்னு வச்சுக்குவோம், 8 மணி நேரத்துக்கு 480. ரப்பர், துணி, எரிபொருள், வண்டி தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு 120 வை, ஆக 600 (உன் செலவு வேற மாதிரி இருந்தா உன் கணக்கைப் போடு, என் கணக்கைப் போடாதே). ஆனா அந்த 8 மணி நேரத்துல வீட்டு வாசல்ல நீ நிக்கிறது 5 மணி நேரம் இருந்தாலே பெருசு, மீதி அலைச்சல், போன் பேசுறது, ரேட் சொல்ல மட்டும் போயிட்டு வர்றது, காசுக்கு ரெண்டாவது தடவை போறதுன்னு கரைஞ்சுரும். அப்போ 600ஐ 5 மணி நேரத்துலதான் எடுக்கணும், மணிக்கு 120, நிமிஷத்துக்கு 2. அந்த 12 நிமிஷ வீட்டுக்கு 24 வரணும். நான் அதோட நிறுத்த மாட்டேன், 15 நிமிஷத்துக்குக் கீழ எந்த வீட்டையும் எண்ணாதே, 30 தான் உன் மினிமம். ஒருத்தர் கதவைத் திறக்க லேட் ஆனா, ஒரு கண்ணாடில பிசின் ஒட்டியிருந்தா அந்த 3 நிமிஷம் காணாமப் போயிரும்.

இதுல இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ரேட் கம்மியா இருந்தா நாம முதல்ல திருடுறது ஏணி வைக்கிற நேரத்தைத்தான். ஏணி 4 அடி உயரம் சாஞ்சா அடிப்பக்கம் 1 அடி சுவரை விட்டுத் தள்ளி இருக்கணும், தரை ஈரமான்னு பாக்கணும், கால் ரெண்டும் சமமா நிக்கணும். அன்னிக்கு 20 வீடு முடிச்சாத்தான் கட்டுபடியாகும்னு ஓடிட்டிருந்தப்ப நான் இதைப் பாக்காம ஏறி, ஈர டைல்ஸ்ல ஏணி வழுக்கி, மணிக்கட்டு ஒடிஞ்சு ஆறு வாரம் வீட்டுல கெடந்தேன். அந்த ஆறு வாரமும் ஒரு காசு வரல. அதனாலதான் அந்த 8 நிமிஷத்தை யாரு பேரம் பேசினாலும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன், நீயும் விட்டுராதே.

கேள்வி: நான் ஒரு வீட்டுக்குப் போறப்ப பக்கத்து வீட்டு அம்மாவும் கேக்குறாங்க, "எப்படியும் இங்கதானே வர்றே, கொறைச்சுக்கோ"ன்னு. கொறைக்கலாமா?

பதில்: கொறைக்கலாம், அவங்க கேக்குறதுல நியாயம் இருக்கு. வண்டி நிறுத்துறது, சாமான் இறக்குறது ஒரு தடவைதான். அதனால ரெண்டு வீட்டையும் ஒரே நாள்ல முடிச்சா ரெண்டாவது வீட்டுக்கு மினிமத்துல கொஞ்சம் கழிச்சுக் குடு. ஆனா முதல்லயே தெளிவா சொல்லிரு, "இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் தனியா வா"ன்னா முழு மினிமம்தான்னு. ஒரே தெருவுல நாலு வீடு கிடைக்கிறது ஊருக்கு நாலு மூலைல பத்து வீடு கிடைக்கிறதை விட மேல், அதனால கொறைக்கிறதா இருந்தா இந்த மாதிரி இடத்துல கொறை, தூரத்து வீட்டுக்குக் கொறைக்காதே.

கேள்வி: பழைய வாடிக்கைக்காரங்க கிட்ட ரேட் ஏத்தினா பாதி பேர் போயிருவாங்களோன்னு பயமா இருக்கு அண்ணே.

பதில்: கணக்கு போட்டுப் பாரு, பயம் கொறையும். 100 வீட்டுக்கு 25 சதவீதம் ஏத்துற, அதுல 20 வீடு வேணாம்னு போயிருச்சு. மீதி 80 வீட்டுல வர்றது பழைய 100 வீட்டுல வந்த அதே காசுதான். வேலை மட்டும் அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சுருச்சு, அந்த நேரத்துல புது ரேட்டுக்கு வேற வீடு பிடிக்கலாம். நீ ஏத்தப்போறது மினிமத்துக்குக் கீழ இருக்கிற வீடுங்களை மட்டும்தானே, எல்லாரையும் ஒரே நாள்ல ஏத்தணும்னும் இல்ல. ரொம்ப கீழ இருக்கிறதுல ஆரம்பி. வேலை முடிச்சுட்டு காசு வாங்குறப்ப வாசல்ல நின்னு ஏத்திட்டேன்னு மட்டும் சொல்லாதே, அது அவங்களுக்கு மரியாதையா இருக்காது. அடுத்த தடவையில இருந்து இவ்வளவுன்னு முன்கூட்டியே ஒரு சீட்டோ மெசேஜோ குடு. நீண்ட விளக்கம் வேணாம், ரேட்டும் தேதியும் போதும்.

வயசானவங்க ஒரு வீடு, ரெண்டு வீடு, மனசு கேக்காம பழைய ரேட்டுக்கே செய்றியா? செய். அது நீ தெரிஞ்சு குடுக்குறது.

கேள்வி: வருஷக்கணக்கா துடைக்காத வீட்டுக்கும் அதே ரேட்டா?

பதில்: இல்லவே இல்ல. முதல் தடவை ஜன்னல் ஃப்ரேம், அதோட கீழ்ப்பள்ளம் எல்லாம் மண்ணா இருக்கும், தண்ணில இருக்கிற சுண்ணாம்பு காஞ்சு வெள்ளைப் புள்ளியா கண்ணாடியைப் பிடிச்சிருக்கும். வழக்கமான ரேட்டுல ஒன்றரை மடங்கு, ரொம்ப மோசம்னா ரெண்டு மடங்கு கேளு. மாசம் ஒரு தடவை கூப்பிடுற வீட்டுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுற வீட்டுக்கும் ஒரே ரேட் வைக்காதே, ரெண்டாவதுல ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிதான் உழைக்கணும். அப்புறம் சின்னச் சின்ன கட்டம் போட்ட ஜன்னல், ஒரே ஜன்னல்ல 12 கண்ணாடி இருந்தா 12 தடவை ஓரம் துடைக்கணும், அதை ஒரு ஜன்னல்னு எண்ணி ரேட் சொல்லிட்டு வந்துராதே. நேர்ல பாக்காம போன்ல சொல்றதா இருந்தா மினிமத்தை மட்டும் சொல்லு, மீதி பாத்துட்டு சொல்றேன்னு சொல்லிரு.