தகவல் உரிமை மனுக்களைப் பார்க்கும் அரசுத் தரப்பு வக்கீலின் வேலை எப்படி இருக்கும்?

சட்டம் முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசு அலுவலகத்தின் சார்பில் தகவல் உரிமை மனுக்களைக் கவனிக்கும் வக்கீல் என்ன செய்வார்? தகவல் தர முடியாது என்று சட்டப்பூர்வமாக எழுதித் தருவதுதான் வேலையா? இதில் சேரலாமா?"

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சட்ட ஆலோசகராக இருக்கிறேன். மறுப்பு எழுதித் தருவது என் வேலையில் சிறு பங்குதான். "இதைக் கொடுக்கலாம், பயப்படாதீர்கள்" என்று அதிகாரிகளுக்குச் சொல்வதிலும், பதிவறையில் கட்டுகளை அவிழ்க்கச் சொல்லிக் கூடவே நிற்பதிலும்தான் பெரும்பாலான நேரம் போகிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் வக்கீலுக்கு என்று தனி இடம் எதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர். அந்தப் பதில் சரியில்லை என்றால் அவருக்கு மேலே உள்ள அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தாலோ மறுத்தாலோ, நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். அது அந்த அலுவலர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பணம். அதனால் மனு வந்ததுமே அவருக்குப் பதற்றம். தப்பான தகவலைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட மறுத்துவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறார். நான் எடுத்துக் காட்டுவது பிரிவு 21. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது அது. காரணம் சொல்லாமல் மறுத்தவருக்கு அந்தக் காப்பு உதவாது.

செட்டிநாட்டில் இந்த வேலைக்கென்று ஒரு தனி முகம் உண்டு. இங்கே பெரிய வீடு என்றால் பல பங்காளிகளின் வீடு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் ஊரிலேயே. சொத்துவரிப் பெயர் மாற்றம், இடிப்பதற்கு அனுமதி, தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்றது பற்றிய புகார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதைக் கேட்டு எங்களிடம் ஒரு மனு வரும்.

ஒரு ஆச்சி வந்தார். வரி ரசீது 1990களில் ஒரு பங்காளி பேருக்கு மட்டும் மாறியிருக்கிறது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று மனு. "வக்கீலம்மா, எங்க பாட்டையா கட்டின வீடு. யாரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அலுவலகத்தில் அதற்குள் பதில் தட்டச்சாகி இருந்தது: மூன்றாம் நபரின் சொந்தத் தகவல், பிரிவு எட்டு ஒன்று ஜே, மறுக்கப்படுகிறது.

அந்தக் கடிதத்தை நிறுத்தச் சொன்னேன். பிரிவு 8(3)-ஐ யாரும் படித்திருக்கவில்லை. 20 வருடத்துக்கு முன் நடந்த விஷயம் என்றால் எட்டாம் பிரிவின் தடைகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்புகள் போன்ற சிலதான் மிஞ்சும். ஜே அந்தப் பட்டியலில் இல்லை. செட்டிநாட்டில் கேட்கப்படுவதெல்லாம் பழைய சங்கதி என்பதால் இந்த உட்பிரிவு இங்கே மிகவும் உதவுகிறது.

இருந்தாலும் மற்றப் பங்காளிகள் ரகசியம் என்று கருதக்கூடிய தாள்கள் உள்ளே இருந்ததால் பிரிவு 11-இன்படி அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினோம். மனு வந்த 5 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. ஒருவர் கடுமையாக ஆட்சேபித்தார். ஆட்சேபத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. தேவையில்லாத சொந்த விவரங்களை மட்டும் பிரிவு 10-இன்படி மறைத்து, பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு நகல் கொடுத்தோம். அந்தக் கோப்பில் இருந்த சம்மதக் கடிதத்தில் எல்லாப் பங்காளிகளின் பெயரும் இருந்தது, கையெழுத்து சிலருடையதுதான் இருந்தது. ஆச்சி அதை எடுத்துக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவரை நாங்கள் கேட்கவே கூடாது, 6(2) அதைத் தடுக்கிறது. அவராகச் சொன்னதால்தான் தெரியும்.

இதையே நேற்று நடந்த விஷயத்துக்குக் கேட்டிருந்தால் இவ்வளவு எளிதல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஜே பிரிவைச் சுருக்கி, சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இது எனக்கு மிகவும் கவலை தருகிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2) அப்படியே இருக்கிறது. இனிமேல் வக்கீலின் உழைப்பெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான்.

அடுத்தது "கோப்பு கிடைக்கவில்லை" என்ற பதில். என்னைக் கோபப்படுத்துவது இந்த ஒரு வாக்கியம்தான். சட்டத்தில் இப்படி ஒரு விதிவிலக்கே கிடையாது. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒரு காலத்தில் இருந்த கோப்பு இப்போது இல்லை என்றால் முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்ததற்கு யார் பொறுப்பு என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பல கோப்புகள் உண்மையில் தொலையவில்லை, வேறு ஊரில் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது, அதற்கு முன் இது இராமநாதபுரம் மாவட்டம். ராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்கள் புதுக்கோட்டைப் பக்கம், 1948 வரை சமஸ்தானம். அங்கே நிலப் பதிவின் வரலாறே வேறு. ஆக மனுவில் உள்ள ஊர் பெயரையும் வருடத்தையும் பார்த்ததும், அந்தத் தாள் அப்போது எந்த அலுவலகத்தின் கையில் இருந்திருக்கும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். எங்களிடம் இல்லை என்றால் 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு நாமே அனுப்ப வேண்டும். மனுதாரரை அலைய விடக் கூடாது.

மறுக்க வேண்டியதும் உண்டு. "ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள், விளக்கம் தருக" என்று கேட்டால், விளக்கத்தைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை. பதிவில் இருப்பதுதான் தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. நீதிமன்றக் கோப்பு என்றால் அந்த நீதிமன்ற விதிப்படி நகல் மனுப் போட வேண்டும், 2020 தீர்ப்பு அப்படி. மறுக்கும்போதும் கோப்பை நேரில் பார்வையிட அழைக்கலாமா என்று நான் ஒரு தடவை யோசிப்பேன். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. வந்து பார்த்தவர்களில் பலர் தங்களுக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் நகல் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருணி ஆக்கிரமிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு இது ரொம்ப உதவியிருக்கிறது.

சேரலாமா என்றால், கண்டிப்பாகச் சேருங்கள். வருமானத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், கூடவே சிவில் வழக்குகளும் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். தகவல் உரிமைச் சட்டம் சின்னது, ஒரு வாரத்தில் படித்துவிடலாம். 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் போன்ற நிலப் பதிவுகள், அவற்றைப் புதுப்பித்த 1980களின் யுடிஆர் திட்டத்தில் பெயர்கள் எப்படி மாறின என்பதெல்லாம் சட்டக் கல்லூரியில் வராத பாடங்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலரோ சர்வேயரோ தெரிந்தவர் யாராவது இருந்தால், சேருவதற்கு முன் சில வாரம் அவரோடு உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.