சுரங்கம் இருந்தும் சார்ந்திருப்பது ஏன்?

கேள்வி: அரிய மண் தனிமங்கள் (வலிமையான காந்தங்கள் போன்றவற்றுக்குத் தேவைப்படும் 17 உலோகங்கள்) பல நாடுகளின் நிலத்தில் கிடைக்கும்போது, அவற்றுக்காக உலகம் சீனாவைச் சார்ந்திருப்பது ஏன்? இதில் தேசப் பாதுகாப்பு எங்கே வருகிறது?

பதில்: தாதுவை வெட்டியெடுப்பதைக் காட்டிலும் பிரித்தெடுப்பதே கடினம். இந்த 17 தனிமங்களும் வேதிப் பண்பில் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், கரைப்பான்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான படிகளில் அவற்றைப் பிரிக்க வேண்டும். அப்போது பெரும்பாலும் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவும் சேர்கிறது. அந்தச் சுமையையும் செலவையும் ஏற்றுப் பல பத்தாண்டுகளாக ஆலைகளை வளர்த்த நாடு சீனா. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கத் தாதுகூட நெடுங்காலம் அங்கேதான் அனுப்பப்பட்டது.

ஏவுகணைகளின் வழிகாட்டும் கருவிகளிலும் போர் விமானங்களின் மோட்டார்களிலும் உள்ள காந்தங்கள், கடும் வெப்பத்திலும் வலுவிழக்காமல் இருக்க, இந்தத் தனிமங்களில் ஒன்றான டிஸ்புரோசியம் தேவைப்படுகிறது. சிறிய அளவுதான், ஆனால் அது வராவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். 2010-இல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சென்காகு தீவுகள் தொடர்பாக எழுந்த தகராறின்போது சீன ஏற்றுமதி தடைபட்டதும், ஜப்பான் இருப்பைப் பெருக்கி, மறுசுழற்சியை வளர்த்து, அரிய மண் தனிமங்களை எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்திற்கு நிதி அளித்தது. அப்படியும் அதன் சார்பு சுமார் 90 சதவீதத்திலிருந்து 60 சதவீதம் அளவுக்கே குறைந்தது.

அரிய மண் தனிமம் அல்லாத, மின்னணுச் சில்லுகளில் பயன்படும் காலியம் (gallium) என்ற உலோகத்தின் ஏற்றுமதிக்கும் 2023-இல் சீனா கட்டுப்பாடு விதித்தது; அதன் நிலை இன்னும் இக்கட்டானது. அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினா தயாரிப்பின் துணைப்பொருளாகவே அது பெரும்பாலும் கிடைப்பதால், விலை ஏறினாலும் தனியே சுரங்கம் தோண்டி உற்பத்தியைப் பெருக்க இயலாது. சேமிப்புக் கிடங்குகள் சில மாத அவகாசம் தரும், அவ்வளவே. விலை சரியும்போதும் பிரித்தெடுக்கும் ஆலைகள் மூடப்படாதிருக்க, அரசுகள் நீண்டகாலக் கொள்முதலுக்கு உறுதியளிக்க வேண்டும் என்பதே என் திடமான கருத்து.